தானாக நிற்கும் என்று சொன்ன கார்

புது சீட்டின் பிளாஸ்டிக் வாசம்... வெளியே ஃபேக்டரியில் தேயிலை வறுபடும் வாசம். ரெண்டும் கலந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது கால் நடுங்கும். சிரிக்காதீர்கள்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளியூர் கம்பெனிக்காரர்கள் ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். விற்கிற கார் இல்லை, சோதனைக்கென்றே செய்தது. எதிரில் ஆள் நின்றால் தானாகவே பிரேக் போடுமாம். எஸ்டேட் ரோட்டை அடைத்துவிட்டு, வளைவு பழகியவன் என்று என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் லேப்டாப்போடு ஓர் இன்ஜினியர் பெண்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குக் கண்ணு எங்கீங்க இருக்குது?"

"முன் கண்ணாடி உச்சில, நடுவுல பாருங்க... அந்தக் கறுப்பு டப்பிதான் கேமரா. நீங்க ஸ்டீரிங் மட்டும் பிடிங்க ஐயா. பிரேக்ல கால் வெச்சா டெஸ்ட் கெட்டுடும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா காலக் கழட்டி ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருப்பனுங்களே!"

கீழே வளைவு தாண்டி ஸ்வெட்டர், குரங்குக் குல்லா மாட்டிய ஸ்பாஞ்ச் பொம்மை. விழுந்தால் நிமிர்த்துகிற வேலை என் மனைவியின் தம்பி ராசுவுக்கு. அவனுக்கும் அதே மாதிரி குல்லா. "மாப்ள, ரெண்டுல பொம்ம எதுன்னு கார் கொழம்பிப் போயிரும்டா" என்று கிண்டலடித்துவிட்டு வந்தேன்.

காலையில் ரெண்டு தடவை 'பீப்' என்று கத்திவிட்டுத் தானாக நின்றது. பிரேக் பக்கம் போன காலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்... ஆனால் நின்றது.

டீக்கு இறங்கினோம். அந்த நேரத்தில் ராசு மேலே வந்திருக்கிறான். எங்கள் எஸ்டேட்டில் எந்தப் புது வண்டியும் மாரியம்மனுக்குப் பொட்டு வைக்காமல் ஓடாது. கண்ணாடி உச்சியில் வடை சைஸுக்குச் சந்தனத்தை அப்பிவிட்டுத் திரும்பவும் கீழே போய்விட்டான். எல்லா வண்டியிலும் இருக்கிற பொட்டுதானே... ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பெண் லேப்டாப்பை விட்டுத் தலையே தூக்கவில்லை.

மிஸ்ட் இறங்கிவிட்டது, ரோடெல்லாம் பனிமூட்டம். வளைவு திரும்பினால்... பொம்மை கீழே கிடக்கிறது. ராசு எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறான்.

ஹாரன் அடித்தேன். குல்லாவுக்குள் அவனுக்கு எங்கே கேட்கும்?

காலையில் இந்த இடத்துக்கு முன்னாலேயே 'பீப்' வந்தது. இப்போது சத்தமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு டப்பிக்கு நேராகச் சந்தனம்.

"தொடாதீங்க ஐயா, அதுவே நிக்கும்!"

"நிக்காதுங்க அம்மணி!"

ஏறி மிதித்தேன். டயர் அலறியது... பம்பர் அவன் லுங்கியைத் தொட்டு நின்றது.

மெதுவாகத் திரும்பினான் பாவி. முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மாமா? ஆத்தா நிறுத்திட்டா!"

அவனை அறையத்தான் இறங்கினேன். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் இறங்கி, துப்பட்டாவால் கார் கண்ணாடியிலிருந்த சந்தனத்தைத் துடைத்தாள்.

இப்போது மகன் வாங்கிய காரிலேயே அந்த வசதி இருக்கிறது. நன்றாகத்தான் நிற்கிறது, குறை சொல்லமாட்டேன். மலை இறங்கும்போது மருமகள் சொல்வாள், "மாமா, பயப்படாம தூங்குங்க. அதுவே பாத்துக்கும்."

எங்கே தூங்குவது? மிஸ்ட் விழுந்தால் ஒவ்வொரு வளைவிலும் யாரோ முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறார்கள்.

அன்றைக்குப் பயந்தபோது காலுக்கடியில் ஒரு பிரேக் இருந்தது. இன்றைக்குப் பக்கத்து சீட்டில் வெறும் ரப்பர் விரிப்பைத்தான் மிதித்துக்கொண்டு வருகிறேன்...