மிஷினுக்கு வைத்த பொட்டு

ஜாஹிர் பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்குத் தகுதி கிடையாது. அவர் பெயரைக் கெடுத்ததே நான்தான். அன்று நான் வாய் கிழியக் கத்தியதைத் தெருவே நின்று கேட்டது. இன்று மெதுவாகச் சொல்வதையும் யாராவது கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒலிமுகமது பேட்டையில் அவருடைய கடை. அவர் அப்பா அஹமது பாஷா காலத்தில் கல்யாணங்களுக்கு நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விட்ட கடை அது. கொரோனா வந்த வருடம் கல்யாணங்கள் நின்றுபோயின. அதே வருடம் பாயின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஒரு ஆக்சிஜன் மிஷினுக்காகச் சென்னை வரை அலைந்திருக்கிறார். அது கைக்கு வந்தபோது அம்மா இல்லை. அந்த மிஷினை வீட்டில் வைத்துப் பார்க்கப் பிடிக்காமல், பக்கத்துத் தெருவில் திணறிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கொண்டுபோய் மாட்டினார். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை என்று கடை நிறைந்தது. 'நாற்காலி பாய்' என்ற பழைய பட்டப்பெயர் மட்டும் போகவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அம்மாவுக்காக. அம்மா பெயர் பொன்னியம்மாள். முப்பது வருடம் சாயப்பட்டறையில் விறகு அடுப்புக்கு முன்னால் நின்று பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றியவள். புகை நுரையீரலைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அப்பா காசிநாதன் எனக்கு சிம்ரன் என்று ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு, நான் எட்டாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். நான் தார் சுற்றுகிறேன். அதாவது, தறிக்காரர்களுக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் மோட்டார் ராட்டையில் சுற்றிக் கொடுப்பது. ஒரே அறையில் ராட்டை ஒரு பக்கம், அம்மாவின் கட்டில் மறுபக்கம்.

பாய் முதல் நாள் மிஷினை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வைத்து, குழந்தையைக் கூட்டிவருவது போல ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். மூக்கில் மாட்டும் குழாயின் நுனியை அந்தத் தண்ணீரில் விட்டு, குமிழி வருவதை அம்மாவுக்குக் காட்டினார்.

"பாருங்கக்கா, காத்து வருதா? இனிமே பயப்படாதீங்க."

முன்பக்கம் வரிசையாக மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் எரிந்தால் உடனே தனக்கு போன் செய்ய வேண்டும், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி என்றார். கரண்ட் போனால்தான் மிஷின் கத்தும், மற்ற எதுவானாலும் விளக்குதான் சொல்லும் என்றார். பிறகு ராட்டையைப் பார்த்தார். காற்றில் பறந்த நூல் பிசிறைப் பார்த்தார்.

"நூல் சுத்துற வீடு. பின்னாடி ஃபில்டர் சீக்கிரம் அடைச்சிக்கும். மத்த வீட்டுக்கு மாசம் ஒரு தரம் போவேன், இங்க பதினஞ்சு நாளுக்கு ஒரு தரம் வர்றேன்."

"எப்படிக் கழுவறதுன்னு சொல்லுங்க பாய், நானே கழுவிடறேன்" என்றேன்.

"வேணாம்மா. தென்னேரில ஒரு வீட்டுல ஈரத்தோட திருப்பி மாட்டிக்கினாங்க, மிஷினே போச்சு. மிஷினைப் பார்த்துக்கறது என் வேலை. அம்மாவைப் பார்த்துக்கறது உன் வேலை. சரியா?"

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! எத்தனை வருடமாக எல்லாமே என் வேலையாக இருந்தது. யாரோ ஒருவர் வந்து ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டார்.

சொன்னபடி வந்தார். எட்டு மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. ஃபில்டரைக் கழற்றி, கழுவி, காயும் வரை மாற்று ஃபில்டர் போட்டு, பத்து நிமிடம் மிஷின் மேல் கையை வைத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அவரிடம் பேசிய அளவு என்னிடம் பேசியதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு வேலை செய்யும் பொருள் எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. ராட்டையைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ போட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "எனக்கு மூச்சு குடுக்கறதுக்கு வைக்க மாட்டியாடி?" என்றாள். நியாயம்தானே என்று மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பொட்டு வைக்க இடம் தேடிய கைக்கு, வரிசையாக இருந்த அந்த மூன்று விளக்குகளும் தோதாக இருந்தன. நல்ல கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். ஒரு முழம் பூவையும் சாற்றினேன். அம்மாவை மிஷின் பக்கத்தில் உட்கார வைத்து போனில் படம் எடுத்தேன். மூக்கில் குழாயோடு அழகாகச் சிரித்தாள்.

அன்று மதியம் பாய் வந்தார். அன்றுதான் அவருடைய பதினைந்தாம் நாள். மிஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று. கொஞ்ச நேரம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கை மிஷின் வரைக்கும் போய்த் திரும்பியது. திருகாணியைக் கழற்றத்தான் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே விழுந்தேன்.

"இன்னைக்குப் பிரிக்காதீங்க பாய், பூஜை போட்டாச்சு."

"சரிம்மா, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்" என்று எழுந்தார். பொரியும் கடலையும் சுண்டலும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் அவர் வரவில்லை. மறு பதினைந்தாம் நாளும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பூஜைக்கு மறுநாளே பூவை எடுத்துப் போட்டிருந்தேன். பொட்டை அப்படியே விட்டேன். வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? எங்கள் தெருவில் பைக்குக்கும் மிக்சிக்கும் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அது இருக்கும். நாலு நாள் போனால் அது அங்கே இருப்பதே கண்ணில் படாது. மிஷின் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் தொண்ணூறு காட்டிய இடத்தில் எண்பத்தாறு காட்டியது, பிறகு எண்பத்துமூன்று. "பாயைக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?" என்றேன்.

"அவர் என்ன பண்ணுவார் பாவம்? மிஷின் நல்லாதான் ஓடிக்கினு இருக்குது. என் ஒடம்புதான் ஓடல" என்றாள் அம்மா. தன் மூச்சைவிட அவருடைய மிஷினை நம்பினாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆக்சிஜன் வைத்ததும் கால் மணி நேரத்தில் தொண்ணூற்றுமூன்று காட்டியது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வீட்டு மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதா?" என்று கேட்டார். "அதெல்லாம் பக்காவா இருக்குது சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அதற்குள் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

இழவு நடந்த வீட்டிலிருந்து பாய் மிஷினை உடனே எடுக்க மாட்டார். காரியம் முடியும்வரை கேட்கவும் மாட்டார். பதினேழாம் நாள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வழக்கம்போல மிஷினை ஓடவிட்டு, பின்பக்கத்தைத் திறந்தார். ஃபில்டரை இழுத்தார். சிவப்பும் அரக்குமாகப் பட்டுப் பிசிறு படிந்து, கம்பளித் துண்டு போல வந்தது. அதைத் தரையில் வைத்தார். பிறகு முன்பக்கம் வந்து, கைக்குட்டையை எடுத்து, தண்ணீர் தொட்டு மிஷினின் முகத்தை மெதுவாகத் துடைத்தார். நன்றாகத் துடைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"சிம்ரன், இப்படி வாம்மா. ஃபில்டர் அடைச்சிக்கினு இருக்குது. அக்காவுக்குப் பாதிக் காத்துகூட போயிருக்காது. மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்கணும், லைட்டு கெட்டுப் போயிருக்குது. நான் வந்து பார்த்திருக்கணும், வரல. மாகறல், வாலாஜாபாத்துன்னு ஓடிக்கினு இருந்தேன். நீ கூப்பிடல, அதனால நல்லாதான் இருக்கீங்கன்னு நினைச்சிக்கினேன். தப்பு என்னோடது."

அவர் சொல்லாமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. வாசலுக்கு வந்து கத்தினேன். என் அம்மாவைக் கொன்றவன் என்றேன். கெட்டுப்போன மிஷினைக் கொடுத்து ஏமாற்றினான் என்றேன். அம்மா இவனைத் தம்பி தம்பி என்று உயிராக இருந்தாளே என்று மார்பில் அடித்துக்கொண்டேன். அவர் தெரு நடுவில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூஜையன்று பிரிக்க வேண்டாம் என்று நான் தடுத்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

பேச்சு எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கப் போயிற்று. ஒவ்வொரு வீடாக மிஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது ஆன்லைனில் வாங்குகிறார்கள், பெட்டியில் வருகிறது, பிரித்து மாட்டிக்கொள்கிறார்கள். ஃபில்டர் என்று ஒன்று இருப்பதைச் சொல்ல யாரும் வருவதில்லை.

இந்த வருட ஆயுத பூஜையன்று போன் தானாகவே அந்தப் பழைய படத்தை எடுத்துக் காட்டியது. அம்மா முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நகர்ந்து மிஷின் பக்கம் போனது. மூன்று விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பொட்டு.

லைட்டு கெட்டுப்போகவில்லை. மஞ்சள் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நான் வைத்த சந்தனத்துக்குப் பின்னால், எத்தனை நாளாகவோ. அதைத்தான் அவர் அன்று துடைத்திருக்கிறார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சந்தனம் குழைத்த கையைக்கூடக் கழுவாமல் கடைக்கு ஓடினேன். பாய் பழையபடி கல்யாண நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய மிஷின்கள் மூலையில் சாமியானா துணி மூடிக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லைட்டு போச்சுன்னு ஏன் பாய் பொய் சொன்னீங்க?"

அவர் என் விரல்களில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார்.

"அம்மா போன துக்கமே உனக்கு ஜாஸ்தி. இதையும் எதுக்கும்மா உன் தலைல வைக்கணும்?"

"நான்தான் பாய் வெச்சேன். நான்தான் பிரிக்காதீங்கன்னேன்."

"நீ வெச்சத நான் அன்னைக்கே பார்த்தேன். தொடைக்கணும்னு கை போச்சு. ஒரு பாய் வந்து சந்தனத்தைத் தொடச்சிட்டான்னு ஆயிடுமோன்னு நிறுத்திக்கினேன். அக்கா அப்படியெல்லாம் நினைக்கறவங்க இல்ல. அது தெரிஞ்சும் நிறுத்திக்கினேன். மிஷினைப் பார்த்துக்கறது என் வேலைன்னு சொன்னவன் நான்தானே?"

"தெருவுல போய் நடந்ததைச் சொல்லிடறேன் பாய். எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா உன்னைப் பேசுவாங்க. என்னைத்தான் பேசி முடிச்சிட்டாங்களே, வுடு" என்றார்.

போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பொட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் வெகு நேரம் பார்த்தார். "நல்லா சிரிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை அழிச்சிடும்மா. பார்த்துப் பார்த்து நொந்துக்கினு இருப்ப."

தலையாட்டிவிட்டு வந்தேன். அழிக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவை நான் படமே எடுக்கவில்லை. அவள் சிரிக்கிற முகம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.