ஸ்டோர் அக்கா பூட்டிய கதவு

எங்கள் கல்லூரி மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் ஓர் அறை இருந்தது. மேலே கூட்டம் எழுந்து கத்தினால் கீழே சுண்ணாம்பு உதிரும். ரப்பர், வியர்வை, சரியாகக் காயாத துணி, பந்து ஒட்டும் பசை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. இன்றும் ஏதாவது சைக்கிள் கடையைக் கடந்து போகும்போது அந்த வாசனையில் கொஞ்சம் மூக்கில் ஏறிவிட்டால் போதும், எனக்கு இருபது வயது ஆகிவிடும்.

அந்த அறைக்கு ஸ்டோர் அக்கா பொறுப்பாளர். பந்து, வலை, ஜெர்சி, ஷூ எல்லாம் அவர் கையால் வெளியே போய் அவர் கைக்கே திரும்ப வரவேண்டும். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. கால் அளவு மறக்காது. எல்லோரையும் ஷூ நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பெண்கள் வாலிபால் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் எனக்கு 'நாலு' என்று பெயர். நான் தூக்கிக் கொடுத்ததை வலைக்கு மேலே எகிறி அடிக்கும் என் தோழிக்குப் 'பத்து'. ஊரில் அவளுக்குச் செருப்பே கிடைக்காது. அந்தப் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. என் கல்யாணப் பரிசின் மேல்கூட அவள் 'நாலுக்கு' என்றுதான் எழுதியிருந்தாள்.

நாங்கள் சேர்ந்த வருஷம் அணியிடம் இருந்தவை மூன்று பந்துகள். அதில் ஒன்று முட்டை வடிவம். ஜெர்சி எங்களுக்கும் ஹாக்கிப் பெண்களுக்கும் பொது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்துவிட்டால், ஹாக்கி முடிந்ததும் அக்கா வாசலில் வாளியோடு நிற்பார். துவைத்து, பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் ஆவி பறக்கத் தேய்த்து எங்களிடம் நீட்டுவார். ஈரம் முதுகில் ஒட்ட ஒட்ட நாங்கள் ஒரு அரையிறுதியே ஆடியிருக்கிறோம்.

பணம் எல்லாம் ஆண்கள் கால்பந்துக்குப் போனது. அந்த ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும், பழைய மாணவர்கள் நன்கொடை தருவார்கள். எங்கள் பி.டி. சார் மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்காக அலுவலகத்துக்குப் போய்வருவார். மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் நடந்து வருவதைப் பார்த்தே அக்கா சொல்லிவிடுவார்: "தோள் தொங்குது. இன்னைக்கும் 'பார்க்கலாம்'தான்."

ஒரு மழை நாளில் பயிற்சி நின்றுபோனது. பிய்ந்த ஷூ ஒன்றுக்கு அக்கா பசை தடவிக்கொண்டிருந்தார். பத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, காலுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓடினேன்," என்றார் அக்கா. "எண்ணூறு மீட்டர். இதே காலேஜுக்கு."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஷூவை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். விளையாட்டு சீட்டில் வந்தவர். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். இரண்டாம் வருஷம் ஓட்டப்பாதை ஓரத்தில் யாரோ மூடாமல் விட்ட குழியில் கால் மாட்டி முட்டி திரும்பிவிட்டது. மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் விடுதி அறையில் ஒரு கடிதம் காத்திருந்தது: விளையாட்டில் பங்கேற்காத காரணத்தால் சலுகை ரத்து.

"அப்பா கிடங்குல மூட்டை தூக்குறவரு. லெட்டரை ரெண்டு தடவை படிச்சாரு. 'பெட்டியை எடுத்துக்கம்மா'ன்னாரு, அவ்வளவுதான். அப்ப இருந்த பி.டி. சார்தான் ஸ்டோர்ல ஒரு ஆள் வேணும்னு அலுவலகத்துல சண்டை போட்டு என்னை உட்கார வச்சாரு. ஆறு மாசத்துக்குன்னுதான் வந்தேன். இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போச்சு." பிறகு அவரே சிரித்தார். "நான் ஓடல. வருஷம் ஓடிருச்சு."

எங்களுக்கு உடனே சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் பத்துவின் கைவண்ணத்தில் நாங்கள் பல்கலைக்கழகக் கோப்பையை வென்றோம். ஒரு ஷூ கம்பெனி எங்கள் பக்கம் திரும்பியது. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சிமெண்ட் தரை போய் மரத்தரை வந்தது. ஆளுக்கு இரண்டு ஜெர்சி, முதுகில் அவரவர் பெயர். பயிற்சிக்குப் பிறகு ஒரு அவித்த முட்டையும் வாழைப்பழமும் தின்றவர்களுக்கு இறைச்சியும் பழச்சாறும். கல்லூரி வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை: வலைக்கு மேலே பறக்கும் பத்து, காலில் கம்பெனி ஷூ. அவள் அம்மா ஒரு ஹோட்டலில் துணி மடிக்கும் வேலை பார்த்தவர். பலகையைப் பார்க்கவென்றே லீவு போட்டு வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா போட்டவங்க தலையைச் சீவி விட்டுப் போட்டிருக்கலாம்ல?" என்றார்.

பணம் வந்தது எங்களுக்குப் பிடித்திருந்தது. இதில் பொய் சொல்லக் கூடாது. புது ஷூவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியவள் நான்.

ஆனால் பணத்தோடு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரும் வந்தார். ஜெயித்தால் தனிச் சம்பளம் என்று அவருக்கு ஒப்பந்தம். பயிற்சி இரண்டு வேளையானது. பத்துவுக்கு முட்டியில் வலி ஆரம்பித்தபோது, "டேப் சுத்திக்கோ, கம்பெனி ஆளுங்க பார்க்க வர்றாங்க" என்றார். அவள் சுற்றிக்கொண்டாள். விருந்தினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஆட்டத்தில், மூன்றாவது செட்டில், நான் தூக்கிக் கொடுத்த பந்துக்கு எகிறினாள். இறங்கியபோது முட்டியிலிருந்து எழுந்த சத்தம் மரத்தரையில் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பந்தைக் கொஞ்சம் தாழ்வாகக் கொடுத்திருக்கலாமோ என்று நான் எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சைச் செலவைக் கல்லூரி கொடுத்தது. ஊன்றுகோலோடு அவள் திரும்பி வந்த வாரம் கடிதமும் வந்தது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேராக ஸ்டோருக்குத்தான் போனாள். நானும் கூடப் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அதே வரி," என்றார். "டைப் அடிச்சவங்கதான் மாறியிருக்காங்க."

அன்றே பி.டி. சாரிடம் போனார். அவர் பாவம், கையைப் பிசைந்தார். "மேலிடத்து முடிவும்மா. இவ இடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு எடுத்தாச்சு. சலுகைச் சீட்டு இத்தனைதான்னு கணக்கு இருக்கு." அக்கா கல்லூரிச் செயலாளர் அறை வாசலில் மூன்று நாள் காத்திருந்தார். உள்ளே கூப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனியோடு ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டுகிற விழா. புது ஜெர்சியில் அணிப் புகைப்படம் எடுத்த பிறகுதான் கையெழுத்து. ஜெர்சிப் பெட்டிகள் வெள்ளிக்கிழமையே வந்து ஸ்டோரில் இறங்கியிருந்தன. நாங்கள் உடை மாற்றப் போனால் கதவில் பூட்டு. பூட்டுக்கு முன்னால் நாற்காலி. நாற்காலியில் அக்கா. சாவிக்கொத்து மடியில்.

"அக்கா, நேரமாச்சு," என்றாள் எங்கள் கேப்டன்.

"தெரியும்டி. செயலாளர் வரட்டும்."

ஆள் மேல் ஆள் வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில். கடைசியில் செயலாளரே வந்தார், பின்னாலேயே கம்பெனிக்காரரும் கேமராவோடு ஒருவரும். அந்தப் பக்கம் செயலாளர் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. உத்தரத்தில் தலை இடித்துக்கொண்டார்.

"என்ன இது விளையாட்டு? சாவியைக் கொடுங்க."

"கொடுக்கிறேன் சார். அந்தப் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் சீட்டு உண்டுன்னு எழுதிக் கொடுங்க."

"அதெல்லாம் உள் விவகாரம். அப்புறம் பேசிக்கலாம். நான் சொல்றேன்ல?"

"சொல்லுக்கு என்ன சார், என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. 'குணமானதும் படிப்பைத் தொடரலாம்'னு எனக்கும் இதே காலேஜ்லதான் சொன்னாங்க. பேப்பர்ல கொடுங்க."

கம்பெனிக்காரர் குழம்பிப்போய், "எந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. வாசல் பக்கம் மோவாயை மட்டும் நீட்டினார். "உங்க போர்டுல பறக்குதே, அதே பொண்ணுதான் சார். இப்ப இறங்கிருச்சு. ஊன்றுகோலோட ஹாஸ்டல்ல பெட்டி கட்டிட்டிருக்கு. அதை வீட்டுக்கு அனுப்புறதுன்னா போர்டையும் இறக்கிக் கையில கொடுத்து அனுப்பிடுங்க."

கம்பெனிக்காரர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். செயலாளரின் காதருகே போய், "சார், இது வெளிய போனா எங்களுக்குத்தான் அசிங்கம்," என்றது எங்கள் வரைக்கும் கேட்டது.

செயலாளர் ஒரு தாளை வரவழைத்து, சுவரில் வைத்து நாலு வரி எழுதி நீட்டினார். அக்கா நிதானமாகப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுல இவ பேரு மட்டும் இருக்கு சார். அடுத்த வருஷம் இன்னொருத்தி விழுந்தா நான் மறுபடியும் நாற்காலி போடணுமா? காலேஜுக்காக ஆடி அடிபட்டவங்க யாரா இருந்தாலும்னு எழுதுங்க."

"உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்."

அப்போது கேப்டன் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் நான் உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக. பத்துவுக்குப் பதிலாக எடுத்த புதுப் பெண்ணும் உட்கார்ந்தாள். கேமராக்காரர் மட்டும் வெயிலைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

இரண்டாவது தாள் எழுதப்பட்டது. முதல்வரின் முத்திரையும் விழுந்தது. அக்கா எழுந்து பூட்டைத் திறந்து, ஒவ்வொருத்தி பெயராகப் பார்த்து ஜெர்சியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் புகைப்படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. தரையில் உட்கார்ந்ததில் எல்லோர் கால்சட்டையின் பின்பக்கமும் சுண்ணாம்பு. படத்தில் அது தெரியாது.

வேலை போகவில்லை. அடுத்த வாரமே அக்காவைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளையும் தேர்வு விண்ணப்பங்களையும் அடுக்கும் வேலை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தக் காலோடு அவர் தினமும் ஏறி இறங்கினார். ஒரு வருஷம் அல்ல, ஓய்வு பெறும்வரை. அதற்காக எங்களில் ஒருத்திகூட எங்கேயும் உட்காரவில்லை. தேர்வு நெருங்கியிருந்தது, எல்லோருக்கும் பயம். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். "அடப் போடி, ஒரு தடவை உட்கார்ந்ததே பெருசு," என்று தட்டிவிட்டார்.

பத்து படித்து முடித்தாள். இப்போது நில அளவைத் துறையில் இருக்கிறாள். நாளெல்லாம் வெயிலில் நடக்கிற வேலை, சாயங்காலம் முட்டி கிறீச்சிடும். அந்தத் தாள் பிறகு கல்லூரி விதிப் புத்தகத்தில் ஏறியது. அதனால் படிப்பைத் தொடர்ந்தவர்கள் பதினொரு பேர் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். அவர்களின் தேர்வு விண்ணப்பம் எல்லாம் அவர் மேஜை வழியாகத்தானே போகும்! யாரிடமும் அவர் தன்னைக் காட்டிக்கொண்டதில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் கணவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விளையாட்டு என்றால் எட்டடி தள்ளி நிற்பவர். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவளைக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும்மா. முட்டி மாத்தணும்னு டாக்டர் ரெண்டு வருஷமா சொல்றாரு," என்று புகார் சொன்னார்.

"அந்த டிகிரியை இப்பவாவது முடிச்சிருக்கலாமேக்கா?" என்று கேட்டேன்.

"அது இருபது வயசுல வேண்டியிருந்தது, நாலு. இப்ப அதை வச்சு நான் என்ன பண்ண? மாட்டி வைக்க ஒரு ஆணி வேற அடிக்கணும்," என்றவர், கணவர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "முட்டி மாத்தத்தான் பயமா இருக்குடி."

பத்துவுக்குப் போன் செய்தேன். மறு வாரமே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அக்காவுக்கு வாயைத் திறக்கவே இடம் கொடுக்காமல் காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நீட்டினார்கள். கூட இருப்பவருக்கு நோயாளி என்ன உறவு என்ற இடத்தில் பத்து யோசிக்காமல் 'அக்கா' என்று எழுதினாள்.

சக்கர நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா சொன்னார்: "கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி. இதுக்கா படிக்க வச்சேன்?"