குண்டூசி பட்ட காளான்

தபால்காரர் சொன்னதாகச் சலவைக்காரி சொன்னாளாம். அதை நாத்தனார் தையல்காரியிடம் வந்து சொன்னாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் புல்வெளியில் முளைத்த சிவப்புக் காளானைத் தொட்டு யாரோ ஒருவன் கை வீங்கிப் படுத்துவிட்டானாம். யார் என்றால் தெரியாது, எந்தத் தெரு என்றாலும் தெரியாது. ஆனால் பேச்சு நகராட்சிவரை போய்விட்டது. நாளைக் காலை இயந்திரம் வந்து புல்லை மண்ணோடு வழித்தெடுக்கப் போகிறது.

தையல்காரி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக டிப்போ சீருடை தைப்பவள். மதியத்தில் கழுத்து நோவு தீர அந்தப் புல்லில்தான் கால் நீட்டுவாள். மழை விட்டதும் மெழுகு பூசினாற்போல் எட்டிப் பார்க்கும் அந்தக் காளான்களை ஒருநாளும் பறித்ததில்லை.

அன்று ஒன்றைப் பறித்தாள். கல்லூரியில் காளான் ஆராயும் அம்மாளின் எண்ணைத் தேடிப் பிடித்து, நூல்கண்டுகளோடு ஒத்துப் பார்த்துச் சொன்னாள்.

"தொப்பி நாப்பத்தொண்ணாம் நம்பர் சிவப்புங்க. ஓரம் பன்னெண்டு."

அந்த அம்மாள் சிரித்தாள். "நிறம் போதாதும்மா. எங்கயாவது கறுத்திருக்கா?"

"இல்லீங்க, பளிச்சுன்னு இருக்கு."

"அப்ப உறுதியா சொல்ல முடியாது. கறுத்தா கூப்பிடுங்க. கறுக்கறது பழைய புல்தரையில மட்டும் வர்ற அபூர்வ வகை. நானே நகராட்சில பேசி நிறுத்தறேன். வாயில மட்டும் வெச்சிடாதீங்க."

எதையும் குண்டூசி குத்தி வைக்காவிட்டால் தையல்காரிக்குக் கை நிற்காது. மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது. ஒருமுறை கணவர் போட்டிருந்த சட்டையையே. காளானையும் அட்டையில் வைத்து நாலு ஊசி குத்தினாள்.

காலையில் பார்த்தால் ஊசி பட்ட இடமெல்லாம் கரி.

"கெடுத்துட்டேங்க. துணின்னு நெனச்சுக் குத்திட்டேன்."

முகச்சவரம் செய்துகொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். "என்னைக் குத்தினப்ப நானுந்தான் கறுத்தேன். தூக்கியா போட்டே?" பிறகு கத்தியை இறக்கினார். "ஏய், அந்தம்மா கேட்டது இதைத்தானே?"

அட்டையை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இயந்திரம் டிப்போ வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒரு போன் பேசிக்கிறேன்."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தான். அட்டையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "தொட்டா வீங்குமாமேக்கா?"

"நேத்துலேர்ந்து இதைத்தான் தொட்டுட்டிருக்கேன். வீங்கியிருக்கா, நீயே பாரு."

அவன் குனிந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தான். மறுகையில் அந்த அம்மாளுக்குப் போட்ட போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.