கோட்டி டீச்சர்

பிரம்மநாயகி, திருநெல்வேலி டவுணில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. 1996இல் ஒரு நாள் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ‘கோட்டி டீச்சர்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பிள்ளைகள் குனிந்து சிரித்தார்கள். அவள் அதை அழிக்கவில்லை.

“கோட்டின்னா பழைய தமிழ்ல சபை. நம்ம ஊர்ல பைத்தியம். கோடுதல்னா வளையுதது, மனசு வளைஞ்சவன் கோட்டின்னு ஆகியிருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது. இத உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

ஜவுளிக்கடைக்காரர் மகள் மஹ்மூதா பீவி எழுந்தாள். “எங்க வாப்பா கடைல உங்க வீட்டு சார்தான் சொன்னாவ டீச்சர். உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு, என்ன பேசினாலும் காதுல போட்டுக்காதீங்கன்னு.”

காரணம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் சுப்ரஜாவைத் தன் அக்கா உலகம்மாளின் மகன் மகேஷுக்குக் கட்டிவைக்க நினைத்தார் கணவர் பாபநாசம். பிள்ளை படிக்கட்டும் என்றாள் பிரம்மநாயகி. “கோட்டிப் பேச்சு பேசாத” என்றார் அவர், உறவுக்காரர்கள் முன்னால். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட வார்த்தைதான். அசட்டுப் பேச்சு என்கிற அளவில்தான் அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது நோயாகிவிட்டது.

அன்று சாயங்காலமே கணவரிடம் கேட்டாள்.

“ஆமா, சொன்னேன். ஒம் பேச்சக் கேட்டுக் கல்யாணத்த நிறுத்தச் சொல்லுதியா?”

“நான் பேசுனது கோட்டிப் பேச்சா, இல்ல எனக்கே கோட்டியா? ரெண்டும் வேற.”

“எல்லாம் ஒண்ணுதாம்ட்டி.”

மறுநாள் பள்ளி விட்டதும் வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். உலகம்மாள் வீட்டில் உட்காரவில்லை.

“மதினி, எனக்குக் கோட்டின்னு உங்க தம்பி ஊரெல்லாம் சொல்லுதாவ. நெசந்தான். எங்க அம்மைக்கும் இருந்துச்சு. சுப்ரஜாவுக்கு இன்னும் வரல. ஏன் மறைச்சன்னு நாளைக்கு என்னைக் கேக்கக்கூடாது, பாத்துக்கிடுங்க.”

அத்தனையும் பொய்.

பொழுது சாயுமுன் உலகம்மாள் தம்பி வீட்டு வாசலில் நின்று கத்தினாள். “கோட்டிக்காரி பெத்த பிள்ளைய எம்மகன் தலையில கட்டப் பாத்தியாலே?” மனைவிக்கு ஒன்றுமில்லை என்று பாபநாசம் சத்தியம் செய்தார். “சொன்னது நீதானல?” என்றாள் அக்கா.

சுப்ரஜா பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தாள். வார்த்தையும் கூடவே போனது. டவுன் பஸ்ஸில் அவள் ‘கோட்டி டீச்சர் மக’. ஒரு நாள் பையை விட்டெறிந்தாள்.

“என்னையும் சேத்துக் கோட்டியாக்கிட்டியேம்மா!”

“ஒன்னக் காப்பாத்தத்தான…”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நானே மாட்டேன்னு சொல்லியிருப்பேன்.”

பிரம்மநாயகி குனிந்து பையை எடுத்து வைத்தாள். அதற்குள் அவளும் பாபநாசமும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மகளும் சோறு கேட்க மட்டும் வாய் திறந்தாள்.

1999இல் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன சுப்ரஜா, கூட வேலை பார்த்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அதன்பிறகே தகவல் சொன்னாள்.

“எல்லாம் ஒன்னாலதான்” என்று பாபநாசம் கொதித்தார்.

“ஆமா, என்னாலதான்” என்று சொல்லிவிட்டு, பிரம்மநாயகி உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.