கீழிருந்து வரவேண்டிய குரல்

ஆனந்தனை நான் ஒருநாளும் நல்லவன் என்று சொன்னதில்லை. ஜவ்வாது மலையில் அவனைப் போலப் புளி உலுக்க ஆள் கிடையாது; அவனைப் போல மூக்குக்கு மேல் கோபம் வருகிறவனும் கிடையாது. அவன் உலுக்கும் புளியைச் சந்தவாசலுக்கு இறக்கும் வேன்காரன் நான். உச்சிக்கிளையில் நின்று கழியால் விளாசுவான். கீழே பொறுக்கும் மனைவி கோகிலவாணி "போதும்!" என்று கத்தினால் மட்டும் கழி அந்தரத்திலேயே நின்றுவிடும். பொறுக்குகிறவள் சொல்லுக்கு மேலே இருப்பவன் அடங்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் கீழே மண்டை உடையும்.

மகள் பூஜாவுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. காத்து கருப்பு என்றான் பூசாரி ரங்கன். புளிய விளாறை ஆனந்தன் கையிலேயே கொடுத்தான்.

"பெத்தவன் அடிச்சாத்தான் போவும். 'போறேன்'னு அதுவே சொல்ற வரைக்கும் வுடாத."

நினைவில்லாத பெண் என்னத்தைச் சொல்வாள்? விளாறு முறிந்ததும் கழியை எடுத்தான். அவள் தோளெலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு வெளியே எனக்குக் கேட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், பாவி.

அமிர்தி வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு என் வேனில் அவளைக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அவன் தொழிலைக் கேட்டறிந்த பிறகு சொன்னார்.

"மூளையிலயும் ஒரு நரம்பு செல் சேதிய வீசும், அடுத்தது வாங்கும். வீச்சு மிஞ்சினா, வாங்குற செல்லே ஒரு பொருளச் செஞ்சு வந்த பக்கமே திருப்பி அனுப்பும். அது போய் வீசுற செல்ல அடக்கும். உங்க மரத்தடி 'போதும்' மாதிரி. வலிப்புல அந்த அடக்கம் பத்தாம போயிடுது."

"அது இன்னா பொருளுங்க?" என்றான் ஆனந்தன்.

"கஞ்சாவுல இருக்கறதுக்கு உறவு. ஆனா மூளையே செஞ்சுக்கறது."

"அப்ப கஞ்சாவே குடுத்துட்டா?"

"மூளை வேண்டிய மரத்துக்கு மட்டும் 'போதும்' சொல்லும். கஞ்சா மொத்தத் தோப்புக்கும் கத்தும். மாத்திரைய மட்டும் குடுங்க."

ஆனந்தன் வெளியே வந்து சுவரில் நெற்றியை மோதிக்கொண்டான். ரத்தம் வழிய வழிய மோதினான். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை.

மறு மாசியில் புளி உலுக்கும்போது பூஜா மரத்தடியில் மறுபடி விழுந்தாள். கோகிலவாணி மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ரங்கன் விளாறோடு ஓடிவந்தான். ஆனந்தன் இரண்டாள் உயரத்திலிருந்து குதித்தான். கணுக்கால் பிசகியது, நொண்டிக்கொண்டே போய்ப் பூசாரியின் வாயில் குத்தினான். இரண்டு பல் மண்ணில் விழுந்தது. ரங்கன் சாய்ந்தும் ஆனந்தன் விடவில்லை. உலுக்குகிற கழியை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கினான். அது இறங்கினால் ரங்கன் பிணம், ஆனந்தன் ஜெயில்.

இழுப்பு நின்று பூஜா கண் திறந்திருந்தாள்.

"போதும்ப்பா."

கழி அந்தரத்திலேயே நின்றது. அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் போன வருடம் அவளுக்கு வாய் இல்லாமல் போயிற்று.