பிடியக்கா

முதலில் அக்கா தன் சட்டைப் பைகளைக் காலி செய்கிறார். சாவிக்கொத்து, சில்லறை, கைபேசி எல்லாம் ஜன்னல் விளிம்புக்குப் போகின்றன. கடைசியாகக் காதுத் தோடுகளும் கழன்று அங்கேயே சேர்கின்றன. "கிலுகிலுன்னு கிட்டப் போனா அது என்னைப் பாக்குமா, சத்தத்தப் பாக்குமா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் அக்கா குதிரையின் பக்கம் திரும்புவார்.

குதிரை மருத்துவமனையில் அவருக்கு ஒரே வேலைதான். டாக்டர் ஊசி போடும்போதும், அரத்தால் பல் ராவும்போதும், லாடக்காரர் குளம்பு சீவும்போதும் குதிரை நின்ற இடத்தில் நிற்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் பெயர் பிடியக்கா. பிடி என்றால் பெண் யானை என்றும் பொருள் உண்டு. அதை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அக்காவின் தலை பெரிய குதிரைகளின் தோளுக்குக்கூட எட்டாது.

கயிற்றை அவர் ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ள மாட்டார், மடித்துத்தான் பிடிப்பார். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போய்விடும். குதிரைக்கு நேர் எதிரே நிற்க மாட்டார். டாக்டர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கத்துத் தோளோரம்தான் அவர் இடம். குதிரை மிரண்டால் தலையைத் தன் பக்கம் இழுப்பார். தலை இந்தப் பக்கம் வந்தால் பின்பாகம் அந்தப் பக்கம் விலகும், டாக்டர் தப்பிப்பார். மேலுதட்டை முறுக்கிப் பிடிக்கும் கயிற்றுக் கோல் ஒன்று சுவரில் தொங்குகிறது. தேவைப்பட்டால் அதையும் தயங்காமல் எடுப்பார். பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அவரிடம் வேறொரு கருவி இருக்கிறது. அது அவருடைய வாய்.

குதிரையிடம் அவர் வீட்டுக் கதை பேசுவார். ஏற்ற இறக்கமே இல்லாத, தொட்டில் ஆட்டுகிற குரலில் நாத்தனார் வந்தது, குழம்பில் உப்பில்லை என்றது, குக்கரைக் கடன் வாங்கிப்போய் மூடியை மட்டும் திருப்பித் தந்தது எல்லாம் வரும். அந்த ஊர்க் குதிரைகள் அனைத்துக்கும் அக்காவின் குடும்ப விவகாரம் அத்துப்படி. லாடக்காரருக்கும்தான். குளம்பைத் தொடையில் தாங்கியபடி, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று ஆவலாகக் கேட்பார். "உங்கிட்டயா சொல்றேன்? உன் வேலையப் பாரு" என்று பதில் வரும், அதே தாலாட்டுக் குரலில்.

மனிதர்களிடம் அந்தக் குரல் கிடையாது. ஒரு தடவை குதிரைக்காரர் ஒருவர் "பயப்படாதடா கண்ணா" என்று தன் குதிரையைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா வாசலைக் காட்டினார். "சார், நீங்க பயப்படறது அதுக்கும் தெரியுது. கொஞ்சம் வெளிய நின்னு பயப்படுங்க." தையல் கடை வைத்திருக்கும் அவர் கணவருக்கும் இந்தக் குறை உண்டு. "என்கிட்ட மட்டும் ஏன்டி இப்படி வள்ளுவள்ளுன்னு விழற?" என்றால், "நீங்கதான் உதைக்க மாட்டீங்களே" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை வந்தது. நிறைமாதச் சினை. இடது பின்குளம்புக்குள் சீழ் கட்டி, காலை ஊன்ற முடியாமல் வலியில் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. முந்தின நாள் லாயக்காரர் ஒருவரின் முழங்கையைப் பதம்பார்த்திருந்தது. வயிற்றில் குட்டி இருந்ததால் மயக்க ஊசி போட டாக்டர் தயங்கினார்.

"ஊசி இல்லாம குளம்பை வெட்டித் திறக்கணும்க்கா. பிடிச்சிடுவீங்களா?"

அக்கா குதிரையின் காதுகளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "நான் பேச ஆரம்பிச்சதும் வாங்க" என்றார். தோல் பூட்ஸ் மழையில் ஊறிப் போயிருந்ததால் அன்று அவர் காலில் ரப்பர் பூட்ஸ்தான்.

கதை தொடங்கியது. அன்றைய கதை சோஃபா. குதிரையின் காதுகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. லாடக்காரர் மெல்லப் பின்காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டார். டாக்டர் மண்டியிட்டு, வளைந்த கத்தியால் குளம்பின் அடியைச் சுரண்ட ஆரம்பித்தார். கத்தி ஆழம் போனபோது குதிரை உடல் சிலிர்த்து, முன்காலை எடுத்து மாற்றி வைத்தது. வைத்த இடம் அக்காவின் வலது பாதம்.

வலி விரல் நுனியிலிருந்து காது வரை ஏறியது. தோளால் ஒரு தள்ளு தள்ளினால் குதிரை நகர்ந்துவிடும். ஆனால் மூன்று காலில் நிற்கும் குதிரை நகர்ந்தால் பின்னால் சாயும், அல்லது உதறும். பின்னால் இரண்டு மனிதத் தலைகள் குனிந்திருந்தன. கத்தினாலும் அதே கதைதான். அக்கா மூச்சை ஒரு தடவை விழுங்கினார். குரல் அப்படியே தொடர்ந்தது.

"அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா, அண்ணி, இந்த சோஃபா எங்க வீட்டுக்குத்தான் பொருத்தமா இருக்கும்னா. இப்ப நீ என் கால் மேல நிக்கறடி தங்கம், நில்லு, பரவாயில்ல, டாக்டர் நிதானமா முடிக்கட்டும், யாரும் துள்ளிக் குதிக்க வேணாம். நான் வாயத் திறக்கறதுக்குள்ள வண்டியே வந்துடுச்சு..."

லாடக்காரரின் கழுத்து விறைத்தது. டாக்டரின் கத்தி நின்றது. "நிறுத்தட்டுமாக்கா?" என்றார் நிமிராமல்.

"கேக்கறாரு பாரு உன் டாக்டர். பாதியில விட்டா நாளைக்கு மறுபடி உன்னை யாரு நிறுத்தறதாம்? வெட்டச் சொல்லுடி தங்கம்."

டாக்டரும் கைதேர்ந்தவர். கத்தியை ஒரு திருப்பு திருப்பினார். கறுப்பாகச் சீழ் பீறிட்டது. குதிரை நீளமாக மூச்சுவிட்டு, தலையைத் தாழ்த்தி, பாரத்தை மாற்றிக்கொண்டது. அக்காவின் பாதம் விடுபட்டது. ஆனால் அவர் அசையவில்லை. மருந்துப் பஞ்சு வைத்து, கட்டுப் போட்டு, கால் தரைக்கு வரும்வரை சோஃபா வண்டியில் போய்க்கொண்டே இருந்தது. கால் ஊன்றியதும்தான் கதை நின்றது.

"இப்ப யாராவது என்னைப் பிடிங்க" என்றார் அக்கா, தன் சொந்தக் குரலில்.

இரண்டு விரல்களில் எலும்பு விரிசல் என்று எக்ஸ்ரே சொன்னது பிறகுதான். அந்தக் குதிரை நல்லபடியாக ஒரு குட்டி போட்டதும் அக்கா மறுபடி வேலைக்கு வந்ததும் அதற்கும் பிறகு. அந்த நேரத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் மண்டியிட்டு ரப்பர் பூட்ஸைக் கத்தரித்தெடுத்தார். பாதம் அதற்குள் கன்னங்கரேலென்று வீங்கியிருந்தது.

"அப்படியே உள்ள முக்குங்கக்கா" என்று லாடக்காரர் ஒரு வாளி குளிர்ந்த நீரைக் கொண்டுவந்து வைத்தார்.

வாளியைக் கண்டதும் செம்பழுப்பு மெல்லக் கழுத்தை நீட்டியது. அக்கா அடிபட்ட காலைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலால் வாளியை அதன் பக்கம் நகர்த்தினார்.