பின் சீட்டில் ஏறும் வயர் பாஸ்

கார் வந்து நின்றதும் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுகிறார் நிப்றாஸ். காரின் சொந்தக்காரர் பொனற்றைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நிற்பார். அதைப் பற்றி இவருக்குக் கவலையில்லை. முழங்கால்களை ஒடுக்கி, கைகளை மடியில் வைத்து, கலியாண வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி இரண்டு நிமிடம் இருப்பார். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி ஒரு கேள்வி. "இதில ஆரு இரிக்கிற?"

என் பழைய லான்சரை முதன்முறை கொண்டுபோன அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. போன் சார்ஜ் பண்ண ஒரு பொயின்ட் கேட்டு வந்தவனிடம் குடும்ப விபரம் எதற்கு? இளைய மகள் இருப்பாள், தூரப் பயணம் என்றால் வாந்தி எடுப்பாள் என்றேன். அவள் முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஃபேன் முதலில் வந்தது. நான் கேட்ட பொயின்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. "சாஜ் இல்லாட்டி போன் அழாது சேர். புள்ள அழும்" என்றார்.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், தகரம் போட்ட கராஜ். கைவேலை தெரிந்த யாரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் வயர் பாஸ். நாற்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, வயர் எரிகிற மணத்தைத் தெருமுனையிலேயே பிடித்துவிடும் மூக்கு. பழைய கார்களுக்கு சாஜர், பின் கமரா, ஃபேன் என்று இந்தக் காலத்துச் சௌகரியங்களைப் பூட்டுவதுதான் தொழில். புதுக் கார் வந்தால் முகம் வாடிவிடும். "அதில எல்லாம் இரிக்கி. நான் என்னத்தப் போட?"

டேஷ்போர்டில் துளை மட்டும் போடமாட்டார். கெஞ்சினாலும் மாட்டார். "அது கார்ட முகம். முகத்தில ஆராவது ஓட்ட போடுவானா?" அதனால் இவர் போடும் பொயின்ட்டுகள் எல்லாம் பழைய கார்களின் சிகரெட் சாம்பல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். வேலை முடிந்ததும் முதலில் கொழுவுவது தன் சொந்த போனை. வந்தவரின் போனைக் கையில் வாங்கவே மாட்டார். "முதல்ல என்ட சாகட்டும்" என்பார். அப்படிச் செத்தவை ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கின்றன.

வீட்டு நிலவரம் வேறு. மனைவி பஸ்மினா என்னைக் கண்டால் முறைப்பாட்டோடுதான் தேத்தண்ணி தருவார். "ஊருல உள்ள காருக்கெல்லாம் பொயின்ட் போடுறார். என்ட குசினில மிக்சியக் கொழுவ ஒரு பொயின்ட் இல்ல. முன் ஹோலுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் சம்பல் அரைக்கிற." ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் சிரித்தால் நிப்றாஸும் சேர்ந்து சிரிப்பார். பொயின்ட் இன்னும் வரவில்லை.

இந்த வருடம் மாரி முடிந்த கையோடு, வீரமுனையிலிருந்து புண்ணியமூர்த்தி தன் மொரிஸ் மைனரைக் கொண்டுவந்தார். எழுபதை நெருங்கும் வயற்காரர். காருக்கும் ஏறக்குறைய அதே வயது. பின் சீட்டுக் கேள்விக்கு "பொஞ்சாதி" என்றார்.  பிறகு முழுக் கதையையும் சொன்னார்.

மனைவி தங்கரத்தினத்துக்கு மூச்சு வருத்தம். மாதம் ஒருமுறை மட்டக்களப்பில் கிளினிக். போன தடவை வழியில், களுவாஞ்சிக்குடியில், மூச்சு முட்டிவிட்டது. மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியே கொடுக்கும் மெசின் மடியில்தான் இருந்தது, கொழுவத்தான் இடமில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே கரண்ட் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்ததாம். அன்றிலிருந்து காரில் ஏற மறுக்கிறார்.

"வழியில சாகிறத்துக்கு வீட்டில சாகலாம் எண்டு சொல்றாள் தம்பி. கிளினிக்குக்குப் போகாட்டி அவள் இல்ல."

நிப்றாஸ் வழக்கம்போல் சாம்பல் பெட்டிக்குள் முதலில் ஒரு சாஜர் பொயின்ட்டைப் போட்டுத் தன் போனைக் கொழுவினார். டப் என்று ஒரு சத்தம். புகை. போன் செத்தது. மற்றக் கார்களில் இரும்பு உடம்போடு சேர்வது நெகட்டிவ் வயர். அந்தக் கிழட்டு மைனரில் பொசிட்டிவ். அது தெரியாதவரல்ல. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. வாடிக்கையாளர்களின் நம்பரெல்லாம் தொலைந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "அந்த மெசினக் கொழுவி இருந்தா என்ன சேர் ஆகியிருக்கும்?" என்று மூன்று நாள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். காருக்குக் கிட்டப் போகவில்லை. கைவேலைக்காரனுக்கு இப்படி ஒரு பயம் இருந்தால் நான் அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

நாலாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டார். பெற்றரியிலிருந்து இரண்டு வயரையும் நேரே பின்னுக்கு இழுத்து, நடுவில் பியூஸ் போட்டு, பெற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் ஒன்றை இரும்பு எதிலும் முட்டாதபடி ரப்பர் விரிப்பின் மேல் பூட்டினார். வீட்டிலிருந்த இரண்டு மேசை ஃபேன்களையும் கொண்டுவந்து, எஞ்சினை இரையவிட்டு, அதில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டார். பஸ்மினா வாசலில் நின்று விசிறிக்கொண்டே சொன்னார்: "இருந்த காத்தையும் காருக்குக் கொண்டு போய்ட்டார்."

கிளினிக் நாளன்று நிப்றாஸும் கிளம்பிவிட்டார். "நானும் வாறன் அக்கா. மெசின் ஒண்டுதான் இரிக்கி, முதல்ல என்டதக் கொழுவிப் பாக்க ஏலா. எரியிறதெண்டா என்ட கண்ணுக்கு முன்னால எரியட்டும்." தங்கரத்தினத்தைக் காரில் ஏற்றியது அந்தச் சொல்தான். எனக்கும் மட்டக்களப்பில் ஒரு வேலை இருந்தது. ஓசிப் பயணத்தை விடுவேனா, முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் ஒரு ஓரம் தங்கரத்தினம், மறு ஓரம் நிப்றாஸ், நடுவில் மெசின்.

களுவாஞ்சிக்குடி தாண்டி வீதி வேலை. ஒரு பக்கத்தை மறித்து எங்களை நிறுத்திவிட்டார்கள். எதிரே வந்த மண் லொறிகளின் தூசு, கண்ணாடியை ஏற்றுவதற்குள் காருக்குள் புகுந்துவிட்டது. தங்கரத்தினம் இருமினார். பிறகு இருமக்கூட மூச்சில்லாமல் தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. நிப்றாஸ் சுவிட்சைத் தட்டினார். மெசின் இரைந்தது, முகமூடிக்குள் வெள்ளையாகப் புகை எழுந்தது. அரை நிமிடம் ஆகவில்லை, இன்வேட்டர் கரண்ட் போதாமல் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது.

"அண்ணன், எக்ஸலேட்டர அமத்துங்க! இந்த டைனமோ ஓடினாத்தான் பால் குடுக்கிற. சும்மா நிண்டா கறக்காது!"

புண்ணியமூர்த்தி காலை அழுத்த, எஞ்சின் உறுமியது. கத்தல் நின்றது. அந்த நேரம் பார்த்து வீதியைத் திறந்துவிட்டார்கள். பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்தது. கிழவர் பதறிக் கியரைத் தொட, கால் தளர்ந்து, இன்வேட்டர் மறுபடியும் கத்தியது. தங்கரத்தினத்தின் கண்கள் செருகின.

"வேணாம் அண்ணன். அப்பிடியே நில்லுங்க. மருந்து முடியுமட்டும் கால எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நிப்றாஸ் இறங்கினார்.

நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர் அவர். நேரே போய்க் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தார். பின் கண்ணாடி வழியே அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, அண்ணன் முறை வைத்தே, "என்ன காக்கா, ரோட்டு ஒங்கட வாப்பாடயா?" என்று கத்தினார்.  பஸ்ஸுக்குப் பின்னால் வான், ஆட்டோ, லொறி என்று வரிசை நீண்டு, எல்லா ஹோனும் ஒன்றாகக் கேட்டன. கைகள் இறங்கவில்லை.

உள்ளே தோள்கள் மெல்ல மெல்லத் தணிந்தன. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "அந்தத் தம்பியக் கூப்பிடுங்கோ சேர், வெயில்ல நிக்கிறார்" என்று தங்கரத்தினம் ஒரே மூச்சில் சொன்னார். புண்ணியமூர்த்தி கண்ணாடியில் மனைவியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். கால் எக்ஸலேட்டரில்தான் இருந்தது. நான் எட்டிக் கூப்பிட்டேன். நிப்றாஸ் திரும்பவில்லை.

மருந்து தீர்ந்து, மெசினை நிறுத்தி, எஞ்சின் சத்தம் தணிந்த பிறகுதான் கைகளை இறக்கினார். அப்போதும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பஸ் டிரைவரைப் பார்த்து, வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தினார்.